மடித்து வைத்த ஓரம்

மகளின் ஸ்கூல் சார்ட்டுக்கு மைதாப் பசை காய்ச்சும்போது, இப்போது செல்போன் கடையாகிவிட்ட அந்தப் பெரிய கடைவீதிச் சந்து பைண்டிங் கடை மணத்தது. என் சின்ன வயதில், வாராவாரம் கிழித்துச் சேர்த்த மர்மத் தொடர்கதையை அம்மா அங்கே பைண்ட் பண்ணக் கொடுத்திருந்தாள். கதை முடியுமுன்னே காலமான பெரியம்மா அதன் ஓரமெல்லாம் பென்சிலில் கிறுக்கியிருந்தாள். கட்டிங் மிஷினின் கத்தி சரக்கென்று இறங்கி, காகித நறுக்குகள் காலடியில் குவியக் குவிய, என் தோளைப் பிடித்திருந்த அம்மாவின் கை இறுகியது.

"எழுத்து போயிடுச்சா பாய்?"

"பிரிச்சுப் பாருங்கம்மா."

எழுதிய தாள்களின் ஓரத்தை மட்டும், வெட்டுமுன்னே கடைக்கார பாய் உள்ளே மடித்துவிட்டிருந்தார். அம்மா ஒரு மடிப்பை விரித்தாள். 'கொலைகாரன் டிரைவர்தான்' என்றிருந்தது.

என் தோளிலிருந்த கை தளர்ந்தது.

"அவன் இல்லக்கா," என்றாள் அம்மா, "அந்த டாக்டரு."