விற்ற மெஷினைத் திரும்ப வாங்க ஆம்பூரிலிருந்து அடுகோடிக்கு

நான்கு மாதங்களுக்கு முன் என் மனைவி ஜெயா தவறிப்போனாள். வீட்டிலேயே தோல் பை செய்துவந்தோம். வெட்டுவது நான், தைப்பது அவள். அவள் இடம் காலியாகக் கிடப்பதைப் பார்க்க முடியாமல், அவளுடைய பழைய ஜப்பான் தையல் மெஷினைப் பெங்களூர் வியாபாரி ஒருவருக்கு விற்றுத் தொலைத்தேன். அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது. மெஷின் போனபின் வீட்டில் இருப்பே கொள்ளவில்லை. மூன்றாவது வாரம் போன் செய்தால், கடையில் இருப்பதையெல்லாம் சனிக்கிழமை ஒருவர் மொத்தமாக எடுத்துப்போகிறார் என்றார். வெள்ளிக்கிழமையே கிளம்பிவிட்டேன்.

காலை 6.40க்கு ஆம்பூரில் ரயில். உட்கார்ந்ததும் பழக்கதோஷத்தில் பக்கத்தில் பையை வைத்து ஜெயாவுக்கு இடம் பிடித்துவிட்டேன். ஒருவர் முறைத்த பிறகுதான் எடுத்தேன். 9.35க்கு பெங்களூர் கன்டோன்மென்ட். அங்கிருந்து அடுகோடி எட்டு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு 230 ரூபாய். பழைய மெஷின் கடைக்கு என்று சொல்லி ஏறினேன்.

"மிஷின் எடுக்கவா? தனியாவா வந்தீங்க சார்? தூக்க ஆள் வேணாமா?" என்றார் டிரைவர்.

"யாரும் இல்லப்பா" என்றேன்.

கடையில் மூன்று மெஷின்கள், மூன்றுக்கும் ஒரே பச்சை பெயிண்ட். எங்களுடையது எது என்று தெரியவில்லை. பதினெட்டு வருஷம் அதன் எதிரில் உட்கார்ந்து தோல் வெட்டியவன் நான், வெட்கமாகிவிட்டது.

"இன்னா சார், ஒங்க மிஷினு ஒங்களுக்கே தெர்லியா?" வியாபாரி சிரித்தார். "எனக்கும் கொத்தில்லா, தெர்ல. பெயிண்ட் அடிச்சா எல்லாம் ஒண்ணுதான். உக்காந்து ஓட்டிப் பாருங்க."

இந்த மெஷின்களில் மேசைக்கு அடியில் ஒரு தட்டு இருக்கும். வலது முட்டியால் தள்ளினால், தோலை அழுத்திப் பிடிக்கும் பாகம் மேலே எழும்பும். இரண்டு கையும் தோலை விட வேண்டியதில்லை. முதல் மெஷினில் தட்டு என் முட்டிக்குச் சரியாக இருந்தது. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதில், முட்டிக்குக் கீழே எலும்பில் நங்கென்று இடித்தது.

ஜெயா நாலே முக்கால் அடி. அவளுக்காகத் தட்டை அவ்வளவு கீழே இறக்கி வைத்தவன் நான்தான். அங்கேயே அழுதுவிட்டேன், மறைக்க என்ன இருக்கிறது?

வியாபாரி குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார். பிறகு, "தட்டு ரொம்ப எறங்கி இருக்குது சார். ஸ்பானர் போட்டுத் தூக்கிடவா? ரெண்டே நிமிஷம்" என்றார்.

"அத்த மட்டும் தொடாதீங்க."

38,000க்கு விற்றதை 45,000க்கு வாங்கினேன். மினி லாரி 6,000. மாலை ஐந்தரைக்கு வீடு. டிரைவரும் நானும்தான் இறக்கினோம்.

பழைய மெஷின் வாங்கப் போகிறவர்களுக்கு: நீங்கள் தைக்கும் அதே தோலையும் நூலையும் கொண்டுபோய் ஓட்டிப் பாருங்கள். கடைக்காரர் தரும் மெல்லிசுத் துண்டில் எல்லா மெஷினும் ஒழுங்காகத்தான் தைக்கும். முட்டித் தட்டை உங்கள் உயரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு நிமிஷ வேலைதான்.

நான் இன்னும் மாற்றவில்லை. தினமும் உட்கார்ந்து பழகுகிறேன். தையல் கோணலாகத்தான் போகிறது. முட்டிக்குக் கீழே கன்றிப்போயிருக்கிறது.