அம்மா ஊறப்போட்ட காகிள்ஸ்

நான் வேலை பார்ப்பது, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வத்திராயிருப்பு போகும் வழியில், மலையடிவாரத்து மாந்தோப்பு ஒன்றில். தோப்பின் ஒரு பகுதியை வலை கட்டி மறைத்து, அதற்குள் பெயின்ட்பால் விளையாட விடுகிறார்கள். காற்றுத் துப்பாக்கியில் சாய உருண்டைகளைப் போட்டு எதிரணியைச் சுட வேண்டும். சாயம் பட்டவர் வெளியே வந்துவிட வேண்டும். உடம்பில் பட்டால் சுளீரென்று வலிக்கும், அவ்வளவுதான். கண்ணில் பட்டால் கண்ணே போய்விடும். அதனால் முகத்தை மூடும் காகிள்ஸ் போடாமல் யாரையும் வலைக்குள் விடுவதில்லை. அந்தக் காகிள்ஸ் எல்லாம் என் பொறுப்பு.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான்தான். கல்லூரிக்குப் போனவளும் நான்தான். இயற்பியல் படித்துவிட்டுக் கண்ணாடி துடைக்கிறாளே என்று சொந்தக்காரர்கள் சிரித்ததுண்டு. சிரிக்கட்டும். என் கையால் காகிள்ஸ் மாட்டிக்கொண்டு உள்ளே போன அத்தனை பேரும் இரண்டு கண்ணோடும் பத்திரமாகத் திரும்பி வந்திருக்கிறார்கள். ராஜபாளையத்தில் நூல் மில்லில் வேலை பார்க்கும் அம்மா இன்னும் ஒரு படி மேலே போய், "எம் மக அங்கன மேனேஜர்" என்று மில் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

அதோடு விடவில்லை. தன் ஷிப்ட் பெண்களைக் கிளப்பி, ஒரு ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்து விளையாட வருவதாக ஏற்பாடும் செய்துவிட்டாள். அந்த வாரம் முழுக்க வீட்டில் அதே பேச்சு. தோசைக்கரண்டியை நீட்டி, ஒற்றைக் கண்ணை மூடி, வாசலில் போகிற கோழியைக்கூடக் குறிபார்த்தாள்.

அன்றைக்கு மற்றவர்கள் வேனில் வர, அம்மா என்னோடு முதல் பஸ்ஸிலேயே வந்தாள். ஒத்தாசை செய்யப் போகிறாளாம். நான் களத்துக்குள் சாய்ந்து கிடந்த டயர்களையும் டிரம்களையும் நிமிர்த்தி வைத்துவிட்டுத் திரும்பினால், கம்பி வேலி நெடுகக் காகிள்ஸ்கள் தலைகீழாகத் தொங்குகின்றன. ஒவ்வொன்றிலிருந்தும் தண்ணீர் சொட்டுகிறது.

"பாத்தியாட்டி, எம்புட்டுப் பளபளன்னு இருக்குன்னு," என்றாள் அம்மா. "மோட்டார் தொட்டியில ஷாம்பூ போட்டு, செத்த நேரம் ஊற வச்சு அலசிட்டேன்."

"ஊறவா வச்ச?"

"பின்ன? நேத்து ஆடுனவனுக வேர்வை நாத்தம் கொடலப் பிடுங்குது. அதை எங்க சனங்க மூஞ்சியில மாட்டச் சொல்லுதியா?"

எனக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. அந்த லென்ஸ் ஒற்றைத் தகடு இல்லை. மூச்சுக்காற்று பட்டு மங்காமல் இருக்க இரண்டு தகடுகளை நடுவில் கொஞ்சம் காற்று விட்டு ஒட்டியிருப்பார்கள். ஈரத்துணியால் ஒற்றி எடுக்கலாம். ஊறப்போட்டால் ஓரம் வழியாகத் தண்ணீர் உள்ளே போய்விடும். அதை எந்தத் துணியாலும் எட்ட முடியாது. ஒன்றை எடுத்து வெயிலில் பிடித்துக் காட்டினேன். தகடுகளுக்கு நடுவே பால் தெளித்த மாதிரி ஒரு மங்கல்.

அம்மா முந்தானையால் துடைக்கப் போனாள். கையைப் பிடித்தேன். மில் சேலையின் பஞ்சுத் தூசியே போதும், லென்ஸில் கீறல் விழ.

"அப்ப எல்லாம் போச்சாட்டி?"

"புது லென்ஸ் இருக்கும்மா. வா, மாத்துவோம்."

மாமர நிழலில் உட்கார்ந்தோம். ஓரத்து ஸ்பாஞ்சை விலக்கி, இரண்டு பக்கப் பிடிகளையும் நெம்பி, பழைய லென்ஸைக் கழற்றிவிட்டுச் சட்டத்தை நான் கொடுத்தேன். அம்மா சட்டங்களை உலர்ந்த துணியால் துடைத்தாள். புது லென்ஸைச் சட்டத்தின் காடிப் பள்ளத்தில் உட்கார வைத்து, இரண்டு பக்கமும் 'டிக்'கென்று சத்தம் கேட்கும்வரை அழுத்தினேன். பிறகு கட்டைவிரலால் தள்ளிப் பார்த்தேன். ஒவ்வொரு 'டிக்'குக்கும் அம்மா, "விழுந்துட்டு" என்று தலையாட்டினாள். லென்ஸ் பெட்டி காலியானபோது ஒரு காகிள்ஸ் மட்டும் பழைய மங்கிய லென்ஸோடு மிச்சமிருந்தது. அப்போது வேன் வந்துவிட்டது.

பெண்கள் சிரிப்பும் சத்தமுமாக இறங்கினார்கள். மல்லிகைப்பூக் கொண்டைகளுக்கு மேலே காகிள்ஸின் வார் நிற்காமல் வழுக்கியது. ஒவ்வொருவருக்காக இறுக்கிவிட்டேன். கடைசியாக அம்மா நின்றாள். மிச்சமிருந்த அந்த மங்கிய காகிள்ஸைத் தானே எடுத்து மாட்டியிருந்தாள்.

"எனக்கு இது போதும். நல்லாத்தான் தெரியுது."

"தெரியாதும்மா. உள்ள போயி தெரியலன்னா தூக்கிப் பாப்ப. தூக்குன நேரம் உருண்டை வரும். நீ வேண்டாம்."

என் காகிள்ஸைக் கொடுத்திருப்பேன். ஆனால் நடுவராக விசிலோடு களத்துக்குள் நிற்க வேண்டியவள் நான். அம்மாவுக்குப் பக்கத்து மிஷின் பார்க்கும் அத்தை, "ஏ மேனேஜரு, பெத்த தாயவே வெளிய நிறுத்திட்டியா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. வலைக்கு வெளியே போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

முதல் ஆட்டம் முடிந்ததும் அந்த அத்தை மூச்சிரைக்க வெளியே வந்து காகிள்ஸைக் கழற்றினாள். "யாத்தே, போதும்டியம்மா. முழங்காலு போயிட்டு. மதினி, இந்தா, நீ போ."

அம்மா வாங்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

நான் வாங்கினேன். பச்சைச் சாயம் அப்பியிருந்தது. தண்ணீர் தெளித்து, சாயம் இளகி வழியும்வரை காத்திருந்து, மெத்துத் துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுத்தேன். வெயிலில் திருப்பித் திருப்பி விரிசல் தேடினேன். இல்லை. பிடிகளை மறுபடி அழுத்திப் பார்த்தேன். அம்மா இதையெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஒவ்வொருத்தருக்கும் இம்புட்டும் செய்வியாட்டி?"

"ஆமாம்மா."

கொண்டையிலிருந்த பூவை எடுத்து அத்தையிடம் கொடுத்துவிட்டு, முகத்தை என் பக்கம் நீட்டினாள். வாரை மாட்டி இறுக்கினேன்.

இரண்டாவது ஆட்டத்தில் அம்மா டிரம்முக்குப் பின்னால் குனிந்து ஓடினாள், கத்தினாள், யாரையோ சுட்டுவிட்டுக் குதித்தாள். குதித்த நேரம் நெற்றிக்கு நேராக ஒரு உருண்டை வந்து உடைந்தது. லென்ஸ் முழுக்க ஆரஞ்சுச் சாயம். நான் விசிலை ஊதினேன்.

அம்மா துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கியபடி அப்படியே நின்றாள். முகத்தைத் தொடவில்லை.

"ஏட்டி, ஒண்ணுமே தெரியல. எங்க இருக்க? வந்து கூட்டிட்டுப் போ."

போய்க் கையைப் பிடித்தேன். வேர் தடுக்கியபோது என் தோளைப் பற்றிக்கொண்டு சிரித்தாள். பாதி வழியில், "இப்பக் கழட்டலாமா?" என்று கேட்டாள்.

"இன்னும் கொஞ்சம்மா. வலையைத் தாண்டிருவோம்."

"சரி, சரி," என்று நடந்தாள்.