பல்செட்காரரின் இடது கை

கரண்டியின் முதுகில் ஒட்டிய கோகோவைக் கீழுதட்டில் தொட்டுப் பார்க்கிறார் பல்செட்காரர். கண்ணை மூடிக்கொள்கிறார். அந்த நேரத்தில் அடுப்படியில் நிற்பவர்கள் மூச்சு விடலாம், பேசக் கூடாது. "இன்னும் சுடுது" என்று சொல்லி, தொட்ட கரண்டியைக் கழுவும் தொட்டியில் போட்டுவிட்டு, வேறொன்றை எடுத்துக் கிண்டுகிறார். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி உதடு, மறுபடி கண்மூடல். "ம். இப்பத்தான் சில்லுன்னு இருக்கு." உதட்டுச் சூட்டுக்கு ஒரு நூல் கீழே இருக்கும்போது முக்கி எடுத்தால்தான் மிட்டாயின் மேல்தோடு பளபளவென்று இறுகி, கடித்தால் டக்கென்று உடையுமாம். வெப்பமானி ஒன்று வாங்கித் தரட்டுமா என்று தங்கை கேட்டாள். உதட்டுக்கு பேட்டரி மாற்ற வேண்டியதில்லை என்றார்.

இது தங்கையின் வீட்டு அடுப்படி. தொடர்ந்து மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையாக அண்ணன் இங்கே நிற்கிறார், தங்கை கையைக் கட்டிக்கொண்டு குளிர்பதனப் பெட்டியில் சாய்ந்தபடி பார்க்கிறாள். உதவி செய்ய நிற்கவில்லை, காவல் நிற்கிறாள்.

அவருக்குத் தொழில் பல்செட் செய்வது. எழுதுபொருள் கடைக்கு மேலே ஒற்றை அறை, இருபத்திரண்டு வருடமாக மெழுகும் பிளாஸ்டரும்தான் சகவாசம். பல் டாக்டர்கள் அனுப்பும் தாடை அச்சுகள் அலமாரியில் வரிசையாக வாய் பிளந்து நிற்கும். மனிதர்களின் முகம் அவருக்கு நினைவில் தங்காது, வாய் தங்கும். பேருந்தில் எதிர் இருக்கைக்காரர் கொட்டாவி விட்டால் போதும், பக்கத்தில் இருப்பவர் காதில் "மேல்வரிசை நம்முது" என்பார். புதிதாகச் செய்யும் ஒவ்வொரு செட்டிலும் ஒரு பல்லை வேண்டுமென்றே இம்மியளவு கோணலாக வைப்பார். "எல்லாம் நேரா நின்னா ஊரே கண்டுபிடிச்சிரும்" என்பது அவர் சித்தாந்தம்.

அப்படிப்பட்டவர் லீவு நாளில் மிட்டாய் கிண்டுகிறார் என்றால் கேலிக்குக் கேட்க வேண்டுமா? "முதல்ல பல்லைக் கெடுக்கறது, அப்புறம் பல் கட்டறது. இந்த மனுஷனுக்கு வேலை தட்டுப்பாடே வராது" என்று அவர் மனைவி சொல்லாத இடமில்லை. பல்செட்காரர் சிரித்துக்கொள்வார். தன் மிட்டாயில் வெள்ளைச் சர்க்கரை ஒரு சிட்டிகைகூடக் கிடையாது, பல்லில் ஒட்டாது, ஒட்டினாலும் நாக்கால் தள்ளினால் போய்விடும் என்று மட்டும் பதில் சொல்வார். சொல்லும்போது கேட்பவரின் பற்களைத்தான் பார்ப்பார்.

மிட்டாய் யாருக்கு என்பதுதான் விஷயம். தங்கைக்கு ஒரே மகள், ஏழு வயது, வீட்டில் சுண்டு. சுண்டுவுக்குக் கோதுமை ஆகாது, அரிசி ஆகாது, சோளம் ஆகாது, தானியம் என்று பெயர் வைத்த எதுவும் ஆகாது. பாலும் ஆகாது. அறியாமல் ஒரு துணுக்கு உள்ளே போனால்கூடக் குடல் சுருட்டிக்கொள்ளும். நான்கு வருடமாக இந்த வீட்டு வாசற்படியைத் தாண்டி மாவும் பாலும் உள்ளே வந்ததில்லை. ஆண்டிறுதி விடுமுறையில் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளக் கூடத்தில் எல்லா வீட்டுக்காரர்களும் கூடுவார்கள், வீட்டுக்கு ஒரு தட்டு இனிப்பு வரும். சுண்டு தன் சின்ன டப்பாவில் வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்குத் துண்டுகளை வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருப்பாள். அழ மாட்டாள். அழுதால்கூடத் தேவலை என்று தங்கைக்குத் தோன்றும்.

போன வருடம் இதைப் பார்த்துப் பொறுக்காமல்தான் பல்செட்காரர் தன் வீட்டிலேயே இறங்கினார். புதுப் பாத்திரம், புதுக் கரண்டி, புது அச்சு. பேரீச்சம்பழம், கெட்டித் தேங்காய்ப்பால், கோகோ, பாதாம். எல்லாவற்றையும் விசாரித்து, எல்லாவற்றையும் கழுவி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு செய்தார். சுண்டு இரண்டு மிட்டாய் தின்றாள். அன்று சாயங்காலமே சுருண்டு விழுந்தாள். மூன்று நாள் மருத்துவமனைப் படுக்கை, கையில் ஊசி, சொட்டுச் சொட்டாக மருந்து.

மூன்றாம் நாள் பல்செட்காரர் மருத்துவமனைக்கு வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல், நின்றுகொண்டே சொன்னார். தன் வீட்டு அலமாரியில் இடப்பக்கம் மைதா டப்பா இருந்ததாம். அதில் ஐந்து விரலும் பதிந்த தடம் இருந்ததாம். பட்டறையில் எந்த அச்சில் எதை ஊற்றும் முன்னாலும் ஒட்டாமல் இருக்கப் பவுடர் தூவுவார்கள். பவுடர் டப்பா இடது கைப்பக்கம், இடுப்பு உயரத்தில். வலது கை ஊற்றத் தயாராகும்போதே இடது கை தானாகப் போய்த் தூவிவிட்டு வந்துவிடும். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள், இது பட்டறைப் பழக்கம், அடுப்படி வரைக்கும் வந்துவிட்டது.

"என் கைதான்மா போட்டிருக்கு. எனக்கே தெரியாது" என்றார்.

அவர் சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அது தங்கைக்கும் புரிந்தது. ஆனாலும் பெற்ற வயிறு. "இனிமே அவளுக்கு நீ எதுவும் செய்ய வேணாம்ணா" என்றாள். குரலை உயர்த்தவில்லை. அதனால்தான் அது இன்னும் ஆழமாக இறங்கியது.

அதன் பிறகு அவர் வந்தார், போனார், சுண்டுவுக்குப் பொம்மைத் தாடையில் பல் தேய்க்கக் கற்றுக்கொடுத்தார். தின்பண்டம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. இந்த வருட விடுமுறைக்கு ஒரு மாதம் முன்னால் மெதுவாக ஆரம்பித்தார். தன் வீட்டில் வேண்டாம், தங்கையின் அடுப்பில், தங்கையின் சாமான்களை வைத்து, தங்கையின் கண் முன்னால் செய்கிறேன் என்றார். சூடு கண்ட பூனை அவ்வளவு சீக்கிரம் அடுப்பங்கரைக்கு வருமா? தங்கை ஒரு வாரம் யோசித்தாள். "செஞ்சுக்கோ. ஆனா அவ வாய்க்குப் போகுதா இல்லையான்னு கடைசி நிமிஷத்துல நான்தான் சொல்லுவேன்" என்றாள். "அதுதான் சரி" என்றார் அவர்.

முதல் ஞாயிறு சொதப்பல். உருக்கிய கோகோக் கட்டியில் தேனை ஊற்றினார், ஊற்றின மறுகணம் பாத்திரம் முழுக்கச் சேறாகத் திரண்டுபோனது. யாராக இருந்தாலும் தலையில் கை வைத்திருப்பார்கள். அவர் பாத்திரத்தைச் சாய்த்து, வெளிச்சத்தில் பிடித்து, நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். தேனில் தண்ணீர் இருக்கிறது, இது தண்ணீரைக் கண்டால் கோபித்துக்கொள்ளும் ஜாதி என்று கண்டுபிடித்தார். மேல்தோட்டுக்கு இனிப்பே வேண்டாம், இனிப்பெல்லாம் உள்ளே இருக்கட்டும் என்று அன்றே முடிவானது. வெளியே கசப்பு, உள்ளே தித்திப்பு, அச்சு அசல் உன்னை மாதிரியே என்றாள் தங்கை. ஒரு வருடத்தில் அவள் அவரைக் கேலி செய்தது அதுதான் முதல் தடவை.

இரண்டாவது ஞாயிறு தேங்காய்ப்பால். அடி கனத்த பாத்திரத்தில், தீயைத் தணித்து, ஒன்றரை மணி நேரம் கையெடுக்காமல் கிண்டினார். வெள்ளையாக இருந்தது மஞ்சளாகி, மஞ்சள் தேன் நிறமாகி, அதில் கொட்டை நீக்கி அரைத்த பேரீச்சம்பழம் விழுந்ததும் ஒரு மணம் எழுந்தது. பாலே இல்லாத வீட்டில் பால்கோவா வாசனை வந்தால் எப்படி இருக்கும்? தங்கை கட்டியிருந்த கையை அவிழ்த்து அடுப்பருகில் வந்துவிட்டாள். கொஞ்சம் உப்பு, வறுத்துப் பொடித்த பாதாம், அவ்வளவுதான். பாத்திரத்தில் ஒட்டாமல் உருண்டு வரும் பதத்தை அவர் கண்ணால் பார்க்கவில்லை, காதால் கேட்டார். "சத்தம் மாறிடுச்சு பாரு" என்று அடுப்பை அணைத்தார். தங்கைக்கு ஒரு மாற்றமும் கேட்கவில்லை. ஆனால் பதம் சரியாக இருந்தது.

இன்று மூன்றாவது ஞாயிறு. நான்கு மணிக்குக் கீழே கூடம் நிறைந்துவிடும். பல்செட்காரர் வந்ததும் முதலில் மிட்டாய் வேலையைத் தொடவில்லை. மேடையின் இடது ஓரத்தில், இடுப்பு உயரத்தில், சுவரில் ஒரு ஆணி அடித்தார். அதில் மெல்லிய துணியில் முடிந்த ஒரு சிறு பொட்டலத்தைத் தொங்கவிட்டார். உள்ளே கோகோத்தூள், தங்கையின் டப்பாவிலிருந்து அவளே அளந்து கொடுத்தது. எதற்கு என்று தங்கை கேட்டாள்.

"கையைத் திருத்திப் பார்த்தேன்மா. ஒரு வருஷமா பார்த்தேன். முடியல. அது போற இடத்துல விஷம் இல்லாம பண்ணலாம், அவ்வளவுதான்" என்றார்.

பட்டறையிலும் பவுடர் டப்பாவை எடுத்துவிட்டு, இதே உயரத்தில், இதே தூரத்தில் பொட்டலம் கட்டி வைத்திருக்கிறாராம். அதன் கயிறு நீளத்தைக்கூட அளந்துகொண்டு வந்திருந்தார்.

பிறகு போன வாரப் பதத்திலேயே பாகைப் புதிதாகக் கிண்டி இறக்கிவிட்டு, அச்சை எடுத்தார். அதையும் அவரே வார்த்திருந்தார், ரப்பர்போல் வளைகிற அச்சு. குழிகள் வழக்கமான சதுரமாக இல்லாமல், ஒரு முனை ஒல்லியாக, மறுமுனை தடித்து இருந்தன. ஏன் இப்படி என்று கேட்டபோது அவர் உற்சாகமாகிவிட்டார். சுண்டுவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டதல்லவா, முன்னால் கடிக்க முடியாது, குழந்தை எல்லாவற்றையும் வலது பக்கக் கடைவாய்க்குத் தள்ளித்தான் மெல்லுகிறாள், போன மாதம் பிறந்தநாளன்று கவனித்தேன், அதனால் ஒல்லி முனை அந்தப் பக்கம் சுலபமாக நுழையும், தடித்த முனையை விரல் பிடித்துக்கொள்ளும் என்று விளக்கிக்கொண்டே போனார். பேச்சோடு பேச்சாக வலது கை தேங்காய்ப்பால் பாகைக் கரண்டியில் அள்ளியது.

அப்போது தங்கை பார்த்தாள். அவருடைய இடது கை புறப்பட்டது. கண் அச்சில் இல்லை, பொட்டலத்தில் இல்லை, தங்கையின் முகத்தில் இருந்தது. வாய் சுண்டுவின் கடைவாயைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. கை மட்டும் தனியே போய், தேடாமல், தடவாமல், பொட்டலத்தைப் பிடித்து, அச்சின் மேல் மூன்று தட்டு தட்டி, கோகோத்தூள் மெல்லிய படலமாக ஒவ்வொரு குழியிலும் இறங்கிய பிறகு, பொட்டலத்தை விட்டுவிட்டு இடுப்புக்குத் திரும்பியது. ஒரு சொல்கூட இடையில் தடுக்கவில்லை.

"அண்ணா, தூவிட்டியா?"

அவர் குனிந்து அச்சைப் பார்த்தார். "தூவியிருக்கே" என்றார், பக்கத்து வீட்டுக்காரர் செய்த வேலையைப் பார்ப்பதுபோல.

போன வருடம் அவர் சொன்னதை அவள் நம்பினாள்தான். ஆனால் இப்போதுதான் கண்ணால் கண்டாள். இந்தக் கையை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் ஒரு வருடம் முழுக்க அதன் பின்னாலேயே நடந்து, அது எங்கே போகும், எந்த உயரத்தில் நிற்கும், எத்தனை தட்டு தட்டும் என்று தெரிந்துகொண்டு, அது போய்ச் சேரும் முன்னே அங்கே போய்க் காத்திருக்கிறான். இப்படி ஒரு கவனத்தை அவள் எங்கேயும் பார்த்ததில்லை. தன்னிடமும் இல்லை என்று நினைத்துக்கொண்டாள்.

பாகு இறுகியது. ஒவ்வொன்றாக எடுத்துக் கோகோவில் முக்கி, கம்பி வலையில் வைத்து, விளிம்பில் வழிந்து நின்ற துளிகளைப் புது மெழுகுக் கத்தியால் சீவினார். முப்பத்தாறு மிட்டாய்கள் கறுத்து மின்னின. அவற்றில் ஒன்றை எடுத்துத் தங்கையின் காதருகே உடைத்துக் காட்டினார். டக்.

மூன்றரை மணிக்கு சுண்டு அடுப்படி வாசலில் வந்து நின்றாள். "அம்மா, இது எனக்கு ஆகுமா?" எதைக் கண்டாலும் கேட்கிற கேள்வி, பதில் எதிர்பார்க்காத குரல்.

பல்செட்காரர் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துத் தங்கையிடம் நீட்டினார். பட்டறையில் ஒவ்வொரு செட்டோடும் டாக்டருக்கு அனுப்பும் வேலைச்சீட்டுபோல், இதில் போட்ட ஒவ்வொரு பொருளும், அது எந்த டப்பாவிலிருந்து வந்தது, எந்தப் பாத்திரம், எந்தக் கரண்டி, எத்தனை தடவை கழுவியது என்று பென்சிலில் பொடி எழுத்தாக எழுதியிருந்தார். "நிதானமா படிம்மா. ஒரு சந்தேகம் இருந்தாலும் குடுக்காத. நான் தப்பா நினைக்க மாட்டேன்" என்றார். சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

உப்புப் பொட்டலத்தின் முதுகைக்கூட இரண்டு தடவை படிக்கிற தங்கை, அந்தத் தாளைப் படிக்கவில்லை. எழுத்துப் பக்கம் வெளியே வரும்படி கூம்பாகச் சுருட்டி, அடியை மடக்கி, ஆறு மிட்டாய்களை அள்ளிப் போட்டுச் சுண்டுவின் கையில் கொடுத்தாள்.