ராக்கெட்டும் கடைசி சீட்டும்

பஸ் ஓட்டிய காலத்தில் அவருக்கு ராக்கெட் என்று பெயர் வைத்தவர்கள் பயணிகள். பாராட்டி வைக்கவில்லை. அவர் மட்டும் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டு, ஓய்வு பெற்ற பிறகும் நெஞ்சை நிமிர்த்தியே நடந்தார். வேகத்தடை போட்டது மற்ற டிரைவர்களுக்காக என்பது அவர் கொள்கை. மேட்டைக் கண்டால் காலை இன்னும் அழுத்துவார். கடைசி சீட்டுக்காரர்கள் கூரையை விசாரித்துவிட்டுத் திரும்புவார்கள். யாராவது கத்தினால், "பஸ்ல ஏறிட்டுத் தொட்டில் கேட்டா எப்படி?" என்பார்.

அவர் மனைவிக்கு முதுகு வளைந்திருந்தது. வயசாகிறது, வளைகிறது என்று இருவரும் விட்டுவிட்டார்கள். "கீழே என்னத்தத் தொலைச்ச?" என்று நாளுக்கு ஒரு தடவையாவது அவளைக் கேட்காவிட்டால் ராக்கெட்டுக்குச் சாப்பாடு செரிக்காது.

ஒரு நாள் பழைய கூட்டாளிகளைப் பார்க்க டிப்போவுக்குக் கிளம்பினார். பஸ்ஸில் நல்ல கூட்டம். கடைசி சீட்டின் நடுவில் மட்டும் ஓர் இடம். ஆயுளில் முதல் தடவையாக அதில் உட்கார்ந்தார். ஓட்டியவன் அவரே தொழில் பழக்கிவிட்ட ஆள். மேடு வந்தது. ராக்கெட் எழும்பினார், இறங்கினார். இறங்கும்போது முதுகில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு மூச்சு விடவே பயமாக இருந்தது.

டிரைவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஓடி வந்தான். "அண்ணே! நீங்க சொல்லிக் குடுத்த மாதிரிதானே ஓட்டினேன்!"

ராக்கெட்டால் திட்டக்கூட முடியவில்லை. வலி ஒரு பக்கம், நியாயம் ஒரு பக்கம்.

மருத்துவமனையில் டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். அடுக்கி வைத்த அட்டைப்பெட்டிகளில் ஒன்று முன்பக்கம் நசுங்கிய மாதிரி, ஓர் எலும்பு சப்பையாகிப் போயிருந்தது.

"சிகரெட் உண்டா?"

"அது ஸ்டியரிங் பிடிச்ச நாள்லேர்ந்து இருக்கு."

"அதுவும் ஒரு காரணம். எலும்பு ஏற்கெனவே வலுவில்லாம இருந்திருக்கு, ஒரு குலுக்கல் போதுமா இருந்துச்சு. இன்னைக்கே நிறுத்துங்க."

ராக்கெட்டுக்கு ஒரே ஒரு பயம்தான். தகவல் கேட்டு ஓடி வந்து பக்கத்தில் நின்ற மனைவியை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "டாக்டர், எனக்கும் கூன் விழுந்துடுமா?"

"சொன்னதைக் கேட்டா அநேகமா விழாது. நரம்பு அழுந்தலை, அதனால பெரிய ஆபரேஷன் வேண்டாம். வலிக்கு மாத்திரை, கொஞ்ச நாளைக்கு முதுகுக்கு பெல்ட். ஒண்ணு ரெண்டு நாள் ஓய்வு, அப்புறம் எழுந்து கொஞ்சம் கொஞ்சமா நடக்கணும். குனியக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது. எலும்புக்குத் தனியா மருந்து தர்றேன். பெரும்பாலும் ரெண்டு மூணு மாசத்துல தானா சேர்ந்துடும்."

"மூணு மாசமா? சிமெண்ட் மாதிரி ஒண்ணை ஊசியில ஏத்துறாங்களாமே. இப்பவே ஏத்தி விடுங்க, சாயங்காலம் வீட்டுக்குப் போயிடுறேன்."

"அது, இதெல்லாம் செஞ்சும் வலி அடங்கலைன்னா யோசிக்கிறது. எடுத்தவுடனே ஓவர்டேக் பண்ணாதீங்க."

வீட்டுக்கு வந்ததும் ராக்கெட் மருத்துவத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். கட்டிலில் நீட்டிப் படுத்தவர் எழவே இல்லை. பெல்ட் ஆணியில் தொங்கியது.

"என்னங்க, நடக்கச் சொன்னாங்களே."

"என்ஜினைக் கழட்டிப் போட்ட வண்டியை எவனாவது ரோட்டுல ஓட்டுவானா? ஒட்டட்டும், அப்புறம் நடக்கிறேன். இந்தா, என்னைக் கொஞ்சம் தூக்கி உட்கார வை."

அவள் தூக்கினாள். தலையணைக்கு, தண்ணீருக்கு, ஜன்னலைப் பார்க்க, பார்த்தது போதுமென்று மறுபடி படுக்க என்று அந்த வளைந்த முதுகுதான் அவரைத் தூக்கித் தூக்கி இறக்கியது. வலிக்கிறதா என்று ராக்கெட் கேட்கவில்லை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும். இந்த மனுஷனுக்கோ தனக்கு வந்த பிறகும் அடுத்தவருடையது தெரியவில்லை.

அடுத்த தடவை போனபோது டாக்டரம்மா பொரிந்து தள்ளினார். "படுத்தே கிடந்தா எலும்பு இன்னும் மெலியும், தசையும் கரையும். கூன் வேண்டாம்னு நீங்கதானே சொன்னீங்க?" திட்டிக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்தினார். நாற்காலியிலிருந்து ராக்கெட்டைத் தாங்கி எழுப்பிய மனைவியையே பார்த்தார்.

"அம்மா, நீங்க முன்னைவிடக் குட்டையாயிட்டீங்களா?"

அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். "மேல் தட்டுல இருக்கிற டப்பா இப்பெல்லாம் எட்டலை. டப்பாதான் மேல போயிடுச்சுன்னு நெனச்சேன்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. அவளையும் எக்ஸ்ரே எடுக்க அனுப்பினார். படத்தில் நசுங்கியிருந்தது ஒன்றல்ல, இரண்டு.

"எப்பவோ உடைஞ்சு, கவனிக்காமலே சேர்ந்திருக்கு. வளைவு அதனாலதான். அப்ப உயிர் போற மாதிரி வலிச்சிருக்குமே?"

"வலிச்சுது. பிடிப்புன்னு தைலம் தேச்சுக்கிட்டேன்."

"எப்படி ஆச்சு?"

அவள் கணவரைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். "இவருக்குச் சாப்பாடு எடுத்துட்டு இவர் பஸ்லதான் போவேன். டிரைவர் பொண்டாட்டி முன்னால உட்கார்ந்தா நல்லா இருக்காதுன்னு கடைசி சீட்டுல உட்காருவேன்."

ராக்கெட்டுக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. மேட்டில் வண்டி எகிறி, அவள் 'அம்மா' என்று அலறி, டிபன் கேரியர் திறந்து சோறெல்லாம் கொட்டியது. வண்டியை நாசம் பண்ணிவிட்டாள் என்று எல்லார் முன்னாலும் கத்தியிருந்தார். அவள் குனிந்து, சோற்றைக் கையால் வாரினாள். அதற்குப் பிறகு சரியாக நிமிரவே இல்லை.

அவருக்கு வெட்கமாக இருந்தது.

"பழசு நிமிராது. ஆனா இனிமே உடையாம பார்த்துக்கலாம்" என்று டாக்டரம்மா அவளுக்கும் மருந்து எழுதினார். "நீங்களும் யாரையும் தூக்கக்கூடாது."

ராக்கெட் நாற்காலியின் கையைப் பிடித்துத் தானே எழுந்தார். உயிர் போய் வந்தது. மனைவி கை நீட்டியபோது, "வேண்டாம்மா" என்றார். அவளை 'அம்மா' என்று அழைத்தது அதுதான் முதல் தடவை. மருந்து பலமாக வேலை செய்கிறது என்று டாக்டரம்மா நினைத்திருக்கலாம்.

திரும்பும் வழியில் அதே பஸ், அதே டிரைவர். ராக்கெட் மனைவியை முன் சீட்டில் உட்காரவைத்துப் பக்கத்தில் தானும் உட்கார்ந்தார். வண்டி கிளம்பும் முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"டேய், மேடு வருது. மெதுவா."

"அண்ணே, இதை நீங்களா சொல்றீங்க?"

"நான்தாண்டா சொல்றேன். மெதுவாப் போ!"

வண்டி மேட்டில் ஊர்ந்து ஏறி, ஊர்ந்து இறங்கியது. பழக்கத்தில் கண்ணை இறுக மூடி, முன்கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்த மனைவி ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"என்னங்க, மேடு இன்னும் வரலையா?"