டப்பாவில் போன இரும்பு

என் உடம்பில் இரும்பு ஒட்டாமல் போனதற்கு நீதான் காரணம். என் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்துக்கு வந்தவள் நீ. அந்த உறவுக்காகத்தான் பெயரை எழுதாமல் விடுகிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். டிக்கோயாப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குக் கொழும்பிலிருந்து ஒரு டாக்டர் வந்தார். கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு இரத்தம் குறைவு, கொடுக்கும் இரும்புச் சத்தில் உடம்பு எவ்வளவு எடுக்கிறது என்று அளக்க வேண்டும் என்றார். காலையில் வெறும் வயிற்றில் மருந்துத் தண்ணீர் தருவார்கள். அதன் பிறகு வெளிக்குப் போவதையெல்லாம் டப்பாவில் பிடித்துக் கொடுக்க வேண்டும். உள்ளே போனதில் வெளியே வந்ததைக் கழித்தால், உடம்பில் தங்கியது தெரியும். நீயும் நானும் பெயர் கொடுத்தோம்.

பீலியில் தண்ணீர் பிடிக்கும் பெண்கள் சும்மா விடவில்லை.

“என்னக்கா, டப்பா நெறஞ்சிருச்சா? தொரை பங்களாவுக்கா போகுது?”

“ஒனக்கும் ஒண்ணு வாங்கித் தாறேன், வாயில வச்சுக்க,” என்றேன்.

கேலியைப் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. உடம்பில் மருந்து தங்குகிற பெண்களுக்கு மழைக்காலம் முழுவதும் மாத்திரை கொடுத்து, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே தேயிலைக் கன்று வளர்க்கும் வேலையும் தருவார்களாம். மலையில் கூடையோடு மயங்கி விழுந்தவள் நான். நீ ஒரு நாளும் விழுந்ததில்லை.

வெறும் வயிறு என்றால் சோறும் ரொட்டியும் கூடாது என்றுதான் நினைத்தேன். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் சாயத்தண்ணி, அந்தப் பால் ஊற்றாத தேத்தண்ணி, குடிக்காத ஆள் எங்கள் லயத்தில் உண்டா? அதை யார் சாப்பாடு என்று சொல்வார்கள்? மருந்து குடித்த அன்றைக்கும் நான்தான் உனக்கும் ஊற்றிக் கொடுத்தேன். நான் குடித்தேன். நீ வாசலில் தண்ணீர் ஓடும் கானில் கொட்டினாய்.

“நாக்கு வெந்திருச்சுக்கா,” என்றாய்.

முடிவு வந்தது. உன் உடம்பு இரும்பை நன்றாகப் பிடித்ததாம். என்னுடையது அப்படியே வெளியே தள்ளிவிட்டதாம்.

“இவளுக்கு எதக் குடுத்தாலும் ஒட்டாது,” என்றார் மாமியார்.

ஆஸ்பத்திரி நர்ஸிடம் போய்க் கேட்டேன்.

“தேத்தண்ணி குடிச்சீங்களா? குடிச்சா மருந்து ஒடம்புல சேராதே. அக்காகிட்டயும் சொல்லுன்னு ஒங்க தங்கச்சிகிட்ட சொல்லிவிட்டேனே?”

மறுபடி அளக்கச் சொல்ல டாக்டர் அங்கே இல்லை. கொழும்புக்குப் போய்விட்டார்.

அந்த மழைக்காலம் முழுவதும் நான் அட்டைக்கடியோடு மேட்டு மலையில் நின்றேன். கீழே நீ உட்கார்ந்து கன்றுக்கு மண் போட்டாய். மாதம் போகப் போக உன் முகம் தெளிந்தது, கை திரண்டது. பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. இப்போதும் எரிகிறது. அந்த முகம் எனக்கு வந்திருக்க வேண்டியது.

மறந்துபோச்சு என்று அடுப்படியில் என்னிடம் மட்டும் சொன்னாய். அது போதாது. மாரியம்மன் திருவிழாவுக்குத் தோட்டமே கூடும். அங்கே எல்லோர் முன்னாலும் வாய் திறந்து சொல்: உன் தேத்தண்ணியைக் கொட்டத் தெரிந்த உனக்கு, என் கையிலிருந்ததைத் தட்டிவிட ஏன் மனம் வரவில்லை?