ஏழு துப்பாக்கிக்கு ஒரு நைலக்ஸ் புடவை

போன ஞாயிற்றுக்கிழமை நானும் இன்னும் ஆறு பேரும் முன்பின் தெரியாத ஒரு பெண்மணியின் புடவையை இரண்டு மணி நேரம் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பதறாதீர்கள். அத்தனை பேர் கையிலும் துப்பாக்கி இருந்தது.

இன்னும் பதறுகிறீர்களா? சரி, முதலிலிருந்து சொல்கிறேன்.

எனக்கு ரைஃபிள் சுடும் பழக்கம் உண்டு என்பது இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். எழுதுகிற கைக்கு அது ஒரு மாற்று. லைசென்ஸ் இருக்கிறது, கிளப் இருக்கிறது, வீட்டில் துப்பாக்கிக்கென்று பூட்டு போட்ட ஒரு இரும்பு பீரோவும் இருக்கிறது. பிரச்சினையே அந்த பீரோதான்.

என் மனைவி மல்லிகாவின் புடவைகள் கட்டிலுக்கு அடியில் சூட்கேஸில் கிடக்கின்றன. என் துப்பாக்கி பீரோவில் நிமிர்ந்து நிற்கிறது. மூன்று வருடமாக நான் மாநிலப் போட்டிக்குத் தகுதி பெறப் போகிறேன், பெறப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். மூன்று வருடமும் ஒன்றிரண்டு பாயின்ட்டில் கோட்டை விட்டேன்.

"ஏங்க, இதுதான் கடைசி" என்றாள் மல்லிகா. "இந்தத் தடவையும் தேறலைன்னா துப்பாக்கியக் குடுத்துடுங்க. பீரோ எனக்கு வேணும்."

சரி என்று சொல்லிவிட்டேன். வீராப்பில் சொன்னதுதான். சொன்ன பிறகுதான் யோசித்தேன். ஐம்பத்தாறு வயதில் எனக்கென்று மிச்சமிருக்கும் ஒரே கிறுக்குத்தனம் அது. அதையும் பிடுங்கிக்கொண்டால் நான் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னதான் செய்வேன்? ஒட்டடை அடிப்பேனா?

போட்டி நடந்த இடம் திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகிற வழியில், கடலுக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ரேஞ்ச். முந்நூறு மீட்டர் தூரம். எட்டு பேர் வரிசையாகத் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, எதிரே நிற்கும் எட்டு போர்டுகளில் அவரவர் போர்டைச் சுட வேண்டும். ஒவ்வொரு போர்டின் தலையிலும் நம்பர் இருக்கும். எனக்கு நான்காம் நம்பர்.

பக்கத்தில் ஐந்தாம் நம்பரில் தேவராஜ். கருங்குழியில் லாரி ஆபீஸ் வைத்திருப்பவர். என்னைவிட மூத்தவர், ஆனாலும் பார்க்கிறவர்களெல்லாம் அவருக்கு மச்சான்தான். நல்ல மனிதர், நன்றாகச் சுடுவார். ஒரே ஒரு வீம்பு, கண்ணாடி போடமாட்டார். போனில் மெசேஜ் வந்தால் கையை நீட்டி, கழுத்தைப் பின்னால் இழுத்து, கடைசியில் நம்மிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வார். தூரத்தில் வரும் பஸ்ஸின் நம்பரையும் நம்மிடம்தான் கேட்பார்.

"ஒரு கண்ணாடி வாங்கிக்கக் கூடாதா?" என்று கேட்டால் போச்சு.

"எனக்கா? கழுக்குன்றத்துக் கழுகு மாதிரி கீது மச்சான் என் கண்ணு!"

அந்தக் கழுகுகளே பல வருடமாகக் கண்ணில் படுவதில்லை. அதை யார் அவரிடம் சொல்வது?

சரி, காற்றுக்கு வருகிறேன். தூரத்து ரைஃபிள் போட்டியில் எதிரி பக்கத்தில் படுத்திருப்பவன் இல்லை. காற்று. எங்கள் ரேஞ்சில் கடல் வலது பக்கம். காற்று அங்கிருந்து அடித்தால் குண்டு போர்டுக்குப் போய்ச் சேருவதற்குள் ஒரு சாண் இடது பக்கம் ஒதுங்கிவிடும். அதனால் துப்பாக்கியில் குறி பார்க்கும் சைட்டில் உள்ள திருகை வலது பக்கம் சில க்ளிக் திருப்பி வைக்க வேண்டும். எத்தனை க்ளிக்? வழி நெடுக நட்டிருக்கும் கொடிகளைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

கொடிகளா? எங்கே இருந்தன? முந்தின வாரமே காற்றில் கிழிந்து தொங்கிவிட்டன.

கிளப் செக்ரட்டரி நல்லவர், கொஞ்சம் அவசரக்காரர். ராத்திரியோடு ராத்திரியாக எங்கேயோ தேடி ஆறு கட்சிக் கொடிகளைக் கொண்டுவந்து நட்டுவிட்டார். ஆறும் ஒரே கட்சி! போட்டியை நடத்துகிற சீஃப் ஆபீசர் விசிலும் மீசையுமாக வந்து பார்த்துவிட்டு, "இது போட்டியா, பொதுக்கூட்டமா?" என்று கத்தி எல்லாவற்றையும் பிடுங்கச் சொன்னார். அப்புறம் பிளாஸ்டிக் கேரி பேக்குகளைக் கட்டிப் பார்த்தார்கள். அவை இரண்டு நிமிடத்தில் சவுக்குத் தோப்பைத் தாண்டிப் பறந்துபோயின. பின்னாலேயே என் தொப்பியும் போயிற்று.

"கொடி இல்லாமலே சுடுங்கள்" என்று சொல்லிவிட்டார் சீஃப்.

அப்போதுதான் அதைப் பார்த்தேன்.

ரேஞ்சின் வலது பக்க மதிலுக்கு அப்பால், சற்றுத் தள்ளி, மீனவர் குடியிருப்பு ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு மொட்டை மாடியில், துணி காயப்போடும் கயிற்றில், ஒரு பச்சை நைலக்ஸ் புடவை. கிளிப் போட்டு மாட்டியிருந்தது. கடல் காற்றுக்கு அது என்னமாய் ஆடியது தெரியுமா! கொஞ்சம் உப்பினால் இரண்டு க்ளிக். பாதி எழுந்தால் நான்கு. கயிறோடு கயிறாகப் படுத்துப் பறந்தால் ஆறு. இரண்டே குண்டில் கணக்கு பிடிபட்டுவிட்டது. மூன்றாவது குண்டு நடுப்பொட்டில் விழுந்தது.

அட அட! சாமியே கொடி பிடித்த மாதிரி இருந்தது. ஊரில் யாருக்கும் தெரியாத ரகசியம் எனக்கு மட்டும் கிடைத்துவிட்டதாக உள்ளுக்குள் ஒரே குஷி. பீரோ எனக்குத்தான் மல்லிகா, பீரோ எனக்குத்தான் என்று முனகிக்கொண்டே சுட்டேன்.

கடைசிக் குண்டுக்கு வந்துவிட்டேன். ஒரு குண்டுக்கு அதிகபட்சம் ஐந்து பாயின்ட். தகுதி பெற எனக்கு இன்னும் நான்கு வேண்டும். மற்றவர்களும் அவரவர் கடைசிக் குண்டில் நின்றார்கள். மூச்சை அடக்கினேன். புடவையைப் பார்த்தேன்.

புடவையைக் காணோம்.

மாடியில் ஒரு அம்மா கிளிப்புகளைக் கழற்றி, புடவையை மடித்துக்கொண்டிருந்தார். என்னை அறியாமல் "ஐயோ!" என்று தலையைத் தூக்கினேன். அதே நொடி வரிசை முழுக்கத் தலைகள் எழுந்தன. ஒன்று, இரண்டு... என்னோடு சேர்த்து ஏழு தலை! படுபாவிகளா, எல்லோரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்களா?

தலையைத் தூக்காதவர் தேவராஜ் ஒருத்தர்தான். அவர்பாட்டுக்குக் கன்னத்தைத் துப்பாக்கியில் சாய்த்துக் கிடந்தார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சீஃப் விசில் ஊதிச் சுடுவதை நிறுத்தினார். "யார் எழுந்திருக்கச் சொன்னது? என்ன விஷயம்?"

யார் வாயைத் திறப்பது? "சார், ஒரு லேடியோட புடவை..." என்று எப்படி ஆரம்பிப்பது? கடைசியில் நான்தான் மென்று விழுங்கிச் சொன்னேன். சீஃப் மீசையைத் தடவினார். மாடியைப் பார்த்தார்.

"எடுத்துட்டாங்களா?" என்றார் ஏமாற்றமாக. ஏழு தலை இல்லை. எட்டு!

துப்பாக்கிகளிலிருந்து குண்டைக் கழற்றி வைத்தோம். செக்ரட்டரி மதிலோரம் ஸ்டூல் போட்டு ஏறினார். இருவரும் கத்திப் பேசியது எங்கள் காதுவரை கேட்டது.

"அம்மா, அந்தப் பொடவைய இன்னும் ஒரு அஞ்சு நிமிஷம் வுட்டு வையுங்களேன்."

"இன்னா சார் சொல்றே? காஞ்ச பொடவைய எடுக்கக் கூடாதா?"

"எங்க ஆளுங்க அதப் பாத்துதான் சுட்டுகினு இருக்காங்கம்மா."

"அல்லாருமா? காலீலேர்ந்து என் பொடவயவா பாத்துகினு கெடந்தீங்க? வூட்ல பொண்டாட்டி புள்ளைங்க இல்ல உங்களுக்கு?"

குப்புறப் படுத்திருந்ததில் ஒரு வசதி, முகத்தைக் காட்ட வேண்டியிருக்கவில்லை.

"சாயங்காலம் கழுக்குன்றத்துல கல்யாணம் கீது சார். இத்தத்தான் கட்டிகினு போவணும். வோணும்னா எங்கூட்டுக்காரு லுங்கி ஒண்ணு கீது, தொங்க வுடட்டா?"

"அது போதும்மா, அது போதும்!"

லுங்கி ஏறியது. செக்ரட்டரி போரில் ஜெயித்தவர் மாதிரி ஸ்டூலிலிருந்து இறங்கினார். சீஃப் மறுபடி விசில் ஊதினார். நான் லுங்கியைப் பார்த்தேன். அது அசையவே இல்லை. சிவனேயென்று தொங்கியது. ஆஹா, காற்று விழுந்துவிட்டது! வைத்திருந்த ஆறு க்ளிக்கையும் எடுத்துவிட்டுச் சுட்டேன்.

சுட்ட பிறகுதான் கவனித்தேன். லுங்கியின் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பக்கெட்டிலிருந்து எடுத்துப் பிழியாமலே போட்டிருக்கிறார் அந்த அம்மா. தொப்பலாக நனைந்த லுங்கி எந்தக் காற்றுக்கு ஆடும்? புயலே வந்தாலும் ஆடாது. ஏழு பேரும் க்ளிக்கை எடுத்திருந்தோம். ஏழு குண்டும் இடது ஓரம்.

போச்சு. எல்லாம் போச்சு. மல்லிகா சூட்கேஸை இழுத்து ஒவ்வொரு புடவையாக பீரோவில் அடுக்குவது கண்ணுக்குள் ஓடியது.

போர்டுகளுக்குக் கீழே பள்ளத்தில், மண் சுவருக்குப் பின்னால், ஆட்கள் இருப்பார்கள். ஒவ்வொரு குண்டுக்கும் போர்டை இறக்கி, பழைய துளையை ஒட்டி மூடி, புதுக் குண்டு துளைத்த இடத்தில் ஒரு வட்ட வில்லையைச் செருகி மேலே ஏற்றுவார்கள். என் போர்டு மேலே வந்தது.

இரண்டு வில்லைகள்.

ஒன்று இடது ஓரத்தில். இன்னொன்று நட்ட நடுவில்! ஐந்தாம் நம்பர் போர்டில் ஒன்றுமே இல்லை, சுத்தம்.

எனக்கு நொடியில் விளங்கிவிட்டது. தேவராஜுக்குப் புடவையும் தெரியவில்லை, லுங்கியும் தெரியவில்லை. காதில் படும் காற்றை வைத்தே சுட்டிருக்கிறார். அதனால் க்ளிக்கைத் தொடவில்லை. குண்டு மிகச் சரியாக நடுவில் போயிருக்கிறது. என்ன, போர்டின் கறுப்பு வட்டம் தெரிந்த கண்ணுக்கு அதன் நம்பர் தெரியவில்லை.

"அண்ணே, நடுவுல இருக்கறது உங்களுது" என்றேன்.

"என்து இல்ல மச்சான். நீ சுட்டது. சோக்கா சுட்டே!"

"அப்ப உங்க குண்டு எங்க?"

"அது கடலுக்குப் போயிட்ச்சி."

"கடல்லேர்ந்துதானே காத்து அடிக்குது? எதிர்க்க எப்படிண்ணே போகும்?"

"போவும், போவும். அது என் குண்டு!"

சொல்லுங்கள், இப்படி ஒரு சண்டையை எங்காவது பார்த்திருக்கிறீர்களா? "அது என்னுது" என்று அடித்துக்கொள்ளும் உலகத்தில், "அது உன்னுது", "இல்லை, உன்னுது" என்று இரண்டு கிழங்கள் மல்லுக்கட்டின. அப்படியானால் ஒரு குண்டுக்கு இரண்டு ஓட்டை எப்படி வந்தது என்று சீஃப் கேட்டார். "குண்டு ரெண்டா பொளந்துகினு பூட்டிருக்கும் சார்" என்றார் தேவராஜ், கண்ணை இமைக்காமல்.

யோசித்துப் பார்த்தால் இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. தோற்றேன் என்று சொல்ல மனிதனுக்கு வாய் வரும். தப்பான இடத்தில் சரியாகச் செய்தேன் என்று சொல்லத்தான் வராது. வேண்டாத கோர்ஸில் முதல் மார்க் வாங்கியவர்கள், தப்பான ஆபீசில் முப்பது வருடம் உழைத்துத் தேய்ந்தவர்கள்... அவர்களும் கேட்டால் கடலுக்குப் போயிடுச்சு என்றுதானே சொல்கிறார்கள்?

சீஃப் ரூல் புத்தகத்தைப் புரட்டினார். ஒரு போர்டில் இரண்டு குண்டு இருந்து, எது யாருடையது என்று நிரூபணம் ஆகாவிட்டால், பெரிய மார்க் போர்டுக்காரருக்கு. ஐந்தாம் நம்பர் ஒத்துக்கொள்ளவில்லை. ஆக எனக்கு ஐந்து பாயின்ட். தேறிவிட்டேன்!

சர்டிஃபிகேட்டோடு வீட்டுக்கு வந்தேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மூன்று வருடக் கனவு, கையில் காகிதமாக இருக்கிறது. ஆனால் மல்லிகா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "பரவால்லியே!" என்று உண்மையாகவே முகம் மலர்ந்தாள் பாருங்கள், அதைத் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். புடவை, லுங்கி, தேவராஜ்.

கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சிரித்து முடித்து, முந்தானையால் துடைத்துக்கொண்டு தீர்ப்பு சொன்னாள்.

"ரூல்படி நீங்க தேறிட்டீங்க. துப்பாக்கி இருக்கட்டும். ஆனா அந்த அண்ணன் என்னைக்குத் தன் வாயால 'நான்தான் சுட்டேன்'னு ஒத்துக்கிறாரோ, அன்னைக்கு பீரோ எனக்கு. சரியா?"

"சரி" என்றேன். மறுபடியும் வீராப்பு.

புதன்கிழமை காலையில் போன் வந்தது. தேவராஜ்.

"மச்சான், நேத்து செங்கல்பட்டுல கண் டாக்டராண்ட போனேன். கண்ணாடி எழுதிட்டாரு. நாலு நாளா மனசே செரியில்ல. உன்னாண்ட ஒண்ணு சொல்லணும்... அன்னிக்கி அந்த நடு குண்டு..."

ரேஞ்சில் எந்த உண்மைக்காக அவரோடு மல்லுக்கட்டினேனோ, அந்த உண்மை தானாக நடந்து என் காதுக்கு வந்துவிட்டது. நான் என்ன செய்தேன்?

"அண்ணே, அண்ணே! அது என்னுதுதாண்ணே. உங்களுது கடலுக்குத்தான் போச்சு. நானே பார்த்தேன்!"

"மெய்யாலுமா?"

"சத்தியமா. தண்ணி தெறிச்சுது!"

போனை வைத்தேன். "யாருங்க?" என்றாள் மல்லிகா அடுப்படியிலிருந்து. கிரெடிட் கார்டு வேண்டுமா என்று கேட்கிறார்கள் என்றேன்.

தேவராஜுக்கு இன்னும் கண்ணாடி தயாராகவில்லை, அதனால் இதை அவர் படிக்க முடியாது. மல்லிகா? பேப்பர் போடுகிறவரிடம் சொல்லிவிட்டேன், இந்த வாரம் எங்கள் வீட்டுக்கு மட்டும் பத்திரிகை வராது!