பின்சீட்டில் பெட்ரோல் வாசம்

சாயப்பட்டறையில் நிறம் சேர்த்துப் பார்ப்பது என் வேலை. மற்றவர்களுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு நீலங்களை வேறு வேறு என்று சொல்லிவிடுவேன். என் கண்ணை நம்பியே பட்டறை ஓடுகிறது என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு. அதே கர்வத்தோடுதான் அந்தப் பழைய காரையும் பிரித்துச் சேர்த்தேன். கார்புரேட்டர் எஞ்சினை இறக்கிவிட்டு, விபத்தில் பின்பக்கம் நசுங்கிய வேறொரு காரின், பெட்ரோலை அழுத்தத்தோடு பீய்ச்சும் புது மாதிரி எஞ்சினை ஏற்றினேன். டேங்க்குக்குள் புது பம்ப், புது குழாய்கள் என்று எல்லாம் என் கையால் செய்தது. பார்க்கிறவர்களிடம் பானெட்டைத் திறந்து காட்டாமல் விட்டதில்லை.

ஒரு வருடம் அந்தக் காரில்தான் எட்டாவது படிக்கும் மகளை பல்லடம் ரோட்டில் இருக்கும் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்குப் போனேன். லாரிப் புழுதிக்குப் பயந்து கண்ணாடிகளை ஏற்றிவிடுவேன். அவள் பின்சீட்டில் புத்தகப் பையைத் தலைக்கு வைத்துச் சாய்ந்துகொண்டு வருவாள். இறங்கும்போது தலை வலிக்கிறது என்பாள். கண் டாக்டரிடம் காட்டிக் கண்ணாடி போட்டோம். அப்புறமும் வலித்தது. அரையாண்டுப் பரீட்சையன்று பள்ளி வாசலில் வாந்தி எடுத்தாள்.

“பரீட்சைன்னா மட்டும் எங்கிருந்து வருது உனக்கு?” என்று கேட்டேன். கூடப் படிக்கும் பிள்ளைகள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மனைவி பனியன் கம்பெனியில் செக்கிங் செக்சனில் இருக்கிறாள். கம்பெனி பஸ்ஸில் போய்விடுவதால் காரில் ஏறுவதே அபூர்வம். சோமனூரில் ஒரு கல்யாணத்துக்கு மூன்று பேரும் கிளம்பிய ஞாயிற்றுக்கிழமைதான் அவள் மகளோடு பின்னால் உட்கார்ந்தாள். ஊரைத் தாண்டவில்லை, தோளைத் தட்டினாள்.

“ஏனுங்க, வண்டிய ஓரங்கட்டுங்க. பெட்ரோல் நாத்தம் கொடலப் பொரட்டுது. உங்களுக்குத் தெரியலீங்களா?”

“இல்லியே.”

“எப்பவும் இப்படித்தாம்மா இருக்கும்,” என்றாள் மகள். “நம்ம கார் வாசமே இதுதான்னு நெனச்சேன்.”

வண்டியை நிறுத்தி இறங்கினேன். பானெட்டைத் திறந்து குனிந்து பார்த்தேன். எதுவும் தெரியவில்லை. கல்யாணத்துக்குப் போகாமல் வீட்டுக்குத் திரும்பி, ஒரு பனியன் வேஸ்ட் துணியைப் பெட்ரோலில் நனைத்து மூக்கில் வைத்து இழுத்தேன். உள்ளே ஜில்லென்றது. அவ்வளவுதான். வாசம் என்று எதுவும் இல்லை. குழம்பில் பெருங்காயம் போதவில்லை என்று நான் மனைவியிடம் சடைத்துக்கொண்டதெல்லாம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

காது மூக்கு தொண்டை டாக்டர் என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். “வாசம் புடிக்கற நரம்பு போயிருக்குதுங்க. திரும்பி வர்றது கஷ்டம்” என்றார். எப்போது போனது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

மெக்கானிக் ஒருவரைக் கூட்டி வந்தேன். பம்பிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாயைத் தடவிப் பார்த்தார். “ஹோஸ் வேர்க்குதுங்ணா. இது கார்புரேட்டர் எஞ்சினுக்குப் போடறது, இந்த பிரஷருக்குத் தாங்காதுங்க.” மாற்றினோம். மனைவியை உட்காரச் சொன்னேன்.

“கொறஞ்சிருக்குது. ஆனா போகலீங்க.”

கிளாம்ப்புகளை மாற்றினேன். பம்ப் மூடியின் வாஷரை மாற்றினேன். ஒவ்வொரு தடவையும் அவள் வேலை முடிந்து வந்த அலுப்போடு ஏறி, மூச்சை இழுத்து, தலையை ஆட்டுவாள். கடைசியில் ஒருநாள் டேங்க்கை நிரப்பிக்கொண்டு வந்து பின்சீட்டையே கழற்றினேன். அவள் மண்டி போட்டு இடம் இடமாக முகர்ந்தாள். ஒரு மூலையில் நின்றாள்.

“இங்கதானுங்க.”

விரல் தடிமனில் ஒரு குழாய், வாய் திறந்து கிடந்தது. டேங்க்கில் எழும்பும் ஆவியை வெளியே விடும் குழாய் அது. அதன் நுனியில் ஆவியைப் பிடித்து வைக்கும் கரி டப்பா ஒன்று இருக்க வேண்டும். எஞ்சினோடு வந்த டப்பாவை, வைக்க இடமில்லை, இதனால் ஓட்டத்துக்கு ஒன்றும் குறையாது என்று தூக்கிப் போட்டிருந்தேன். மகள் தலை வைத்துப் படுத்த இடத்துக்கு நேர் கீழே அந்த வாய்.

“இத யாரு வெட்டி உட்டது?” என்றாள் மனைவி.

“நாந்தான்.”

அவள் எழுந்து, முழங்கால் தூசியைத் தட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

வேறு டப்பா வாங்கிப் பொருத்தினேன். இப்போது வாசம் துளியும் இல்லை என்று மனைவி சொன்னாள். வண்டி சரியாகும் வரை பள்ளி வேனில் போய்க்கொண்டிருந்த மகளைக் கூப்பிட்டேன். “வேன்லயே போய்க்கறேன்ப்பா,” என்றாள். கோபம் எதுவும் இல்லாமல், வேற்று மனிதரிடம் சொல்வது போல மரியாதையாகச் சொன்னாள்.

“சாமி, அன்னைக்கு ஸ்கூல் வாசல்ல அப்பா அப்படிக் கேட்டிருக்கக் கூடாது,” என்றேன்.

“பரவால்லப்பா.” நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

வேனில் போக ஆரம்பித்த பிறகு அவளுக்குத் தலைவலி வரவே இல்லை. ஒரு தடவையாவது வந்திருந்தால், காரணம் வேறாகவும் இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டிருப்பேன். பெற்ற பிள்ளைக்கு வலி வரட்டும் என்று உள்ளுக்குள் காத்திருந்தவன் நான்.

காரை இப்போது தனியாகத்தான் ஓட்டுகிறேன். கிளம்பும் முன் பின்சீட்டைத் தூக்கி, ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தொட்டுப் பார்க்கிறேன். காய்ந்துதான் இருக்கிறது. ஆவி விரலில் படாது என்று தெரியும். தினமும் மனைவியைக் கூப்பிட்டு முகரச் சொல்ல வாய் வருவதில்லை. நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு வண்டியை எடுக்கிறேன்.